பாகூரில் பூமி கொஞ்சம் அதிகமாக இழுக்கும்

அந்த வருஷங்களைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தூக்கம்தான். படிப்பு, கல்லூரி எல்லாம் அப்புறம்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பி.யு.சி. படிக்கப் பாண்டிக்குப் போனாள் என்றால், விடிவதற்கு முன்பே சாணி அள்ளி, வாசல் தெளித்து, தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு, தூக்கில் பழைய சோற்றோடு பஸ்ஸுக்கு ஓடினாள் என்று அர்த்தம். தவளக்குப்பத்தில் நல்லவாடு மீனவர் குப்பத்து மீன்காரம்மாக்கள் கூடைகளோடு ஏறுவார்கள். அதற்கப்புறம் காலை ஊன்றவும் இடமிருக்காது. நின்றுகொண்டே தூங்க நான் அந்த பஸ்ஸில்தான் கற்றுக்கொண்டேன்.

சயின்ஸ் குரூப்பை ஏன் எடுத்தேன் என்பதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை. மார்க் இருந்தது, கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். ஆனால் நான் படித்த பள்ளியில் பெண்களுக்குப் பொதுக்கணக்குதான். அல்ஜீப்ராவெல்லாம் வரும் காம்போசிட் கணக்கு பையன்களுக்கு. பெண்பிள்ளைக்கு வட்டிக்கணக்கும் பரப்பளவும் போதும் என்று யாரோ எங்கேயோ முடிவுசெய்திருந்தார்கள். அந்த யாரோவை நான் பஸ்ஸில் தினமும் திட்டியிருக்கிறேன்.

கல்லூரியில் முதல் வாரமே லெக்சரர் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதி, இந்தப் பக்கம் இருந்த எழுத்தை அந்தப் பக்கம் கொண்டுபோனார். மேலே இருந்தது கீழே போயிற்று. வகுப்பே தலையாட்டியது. யாரைக் கேட்டு அது தாண்டிப் போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. பத்தின் அடுக்குகள், லாகரிதம், சைன், காஸ் எல்லாம் ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் நடத்தினார்கள். அதுவும் இங்கிலீஷில். ஊசல் என்று படித்துவிட்டு வந்தவளுக்குப் பெண்டுலம் என்பது யாரோ வெளியூர் ஆள் மாதிரி இருந்தது.

பௌதிகம் கஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். பௌதிகம் ஒன்றும் கஷ்டமில்லை. கீழே நாலு படியை எடுத்துவிட்டு மேலே ஏறு என்கிறார்களே, அதுதான் கஷ்டம்.

சோதனைக்கூடத்தில் என்னோடு ஒரே மேஜையில் வில்லியனூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். அவர்கள் வீட்டில் மளிகைக் கடை. பின்னமெல்லாம் அவளுக்கு வாயிலேயே இருக்கும். எழுத்துகளைப் பக்கம் மாற்றுவதையும், லாக் புத்தகத்தில் விரல் வைத்து வரிசை பார்ப்பதையும் எனக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். பொறுமை கிடையாது. "இன்னாடி, இத்தக் கூடவா தெரியாது?" என்று தலையில் அடித்துக்கொண்டே சொல்லிக்கொடுப்பாள். ஆனாலும் விடமாட்டாள். அவள் இல்லாவிட்டால் நான் தீபாவளிக்கு முன்பே வீட்டோடு உட்கார்ந்திருப்பேன்.

ஊசல் சோதனை எல்லாவற்றிலும் சுலபமானது என்பார்கள். நூலில் ஒரு பித்தளைக் குண்டு. அதைக் கொஞ்சம் இழுத்து விட்டுவிட்டு, இருபது முறை போய்வர எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். நூலின் நீளத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் பூமியின் ஈர்ப்பைக் கணக்குப்போட்டால் சென்டிமீட்டர் கணக்கில் தொள்ளாயிரத்து எண்பது பக்கம் வர வேண்டும். அவள் எண்ணினால் வந்தது. நான் எண்ணினால் ஆயிரத்து எண்பதுக்கு மேலே போயிற்று. நூலைக் குறைத்தாலும் அதே ஆயிரத்து எண்பது சொச்சம், நீட்டினாலும் அதேதான்.

டெமான்ஸ்ட்ரேட்டர் என் ஸ்டாப் கிளாக்கை மாற்றிக் கொடுத்தார், நூலை மாற்றிக் கொடுத்தார். கடைசியில் என் விடையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீ பாகூரா? அங்க பூமி கொஞ்சம் அதிகமா இழுக்குது போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது உண்மையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது என் காலை ஏதோ ஒன்று கீழே பிடித்து இழுத்துக்கொண்டுதானே இருந்தது.

மற்றவர்களுக்கு விடை தவறினால் ஒரு வழி இருந்தது. தொள்ளாயிரத்து எண்பதை முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப்போட்டு, எத்தனை விநாடி வந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து நிரப்பிவிடுவார்கள். அந்த மார்ச் பரீட்சையில் எனக்கு ஊசல்தான் வந்தது. வழக்கம்போல ஆயிரத்து எண்பது. நானும் பின்னோக்கிப் போகப் பார்த்தேன். பாதி வழியில் வர்க்கமூலத்தில் சிக்கிக்கொண்டேன். மணி அடித்தபோது என் தாளில் முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் ஒரு கணக்கு நின்றது. பொய்க்கணக்கு எழுதவும் கணக்குத் தெரிய வேண்டும். பௌதிகத்தில் மட்டும் ஃபெயில்.

வில்லியனூர்க்காரி பாஸாகி பி.எஸ்ஸி. போய்விட்டாள். எனக்கு செப்டம்பரில் இன்னொரு முறை எழுதலாம் என்றார்கள். அப்பா அதிகம் பேசுகிறவர் அல்ல. அன்றைக்குப் பேசினார். "கரியமாணிக்கத்துலேர்ந்து பொண்ணு கேட்டுக்கினே கீறாங்க. கரும்புக் காடு, கிணறு, மோட்டாரு எல்லாம் கீது. தை வரிக்கும் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன். செப்டம்பர்ல பாஸாயிட்டன்னா படி. இல்லைன்னா பேசி முடிச்சிடுவேன். அப்புறம் அழக் கூடாது."

அழவில்லை. அழக்கூடத் தெம்பு வேண்டும். கரியமாணிக்கத்து மாப்பிள்ளை நல்லவனாகவே இருந்திருக்கலாம், யார் கண்டது. ஆனால் எனக்கு அங்கே போக விருப்பமில்லை. விடிந்தால் சாணி, பொழுது சாய்ந்தால் அடுப்பு. அதை இந்த வீட்டில் செய்தாகிவிட்டது. இன்னொரு வீட்டில் போய் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்று நினைத்தாலே உடம்பு கனத்தது.

ஆவணியில் சொர்ணவாரிப் போகத்து நெல் அறுப்பு. எங்கள் களத்தில் நெல் அளக்கும்போது எண்ணுவது என் வேலை. சின்ன வயதிலிருந்தே என்னைத்தான் நிற்க வைப்பார் அப்பா. எங்கள் பக்கத்தில் நெல்லை ஒன்று என்று எண்ணத் தொடங்குவதில்லை. முதல் மரக்கால் நெல் சாக்கில் விழுந்ததும் "லாபம்" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் ரெண்டு, மூணு. எனக்கு எதை எண்ணினாலும் அப்படித்தான் வரும். தலைமுடிப் பின்னலானாலும், பஸ் நிற்கும் ஊரானாலும், வாய்க்குள்ளே லாபம், ரெண்டு, மூணுதான்.

அன்றைக்கு மத்தியான வெயிலில் நின்றுகொண்டே கண் சொருகிவிட்டது. அறுப்புக்கு ஆள் போதாமல் மூன்று நாளாக நானும் கதிர்க்கட்டு தூக்கியிருந்தேன். ஒரு சாக்கு நிரம்பி அடுத்த சாக்கைப் பிரித்தார்கள். அப்பா குனிந்து மரக்காலை நெல் குவியலுக்குள் விட்டார். நான் வாய் திறந்து "லாபம்" என்றேன்.

அப்பா நிமிர்ந்தார். "இன்னும் அள்ளவே இல்ல. வெறும் மரக்கால் கையில கீது. அதுக்குள்ள இன்னா லாபம்? தூங்கறியா?"

சாக்கைப் பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகத்தில் தண்ணீர் அடித்தது போல விழிப்பு வந்தது. வெறும் மரக்கால். ஒன்றும் விழவில்லை. ஊசல் குண்டை நான் கையிலிருந்து விடுகிறேனே, அந்த நேரத்திலும் ஒன்றும் நடந்திருக்கவில்லை. குண்டு இன்னும் ஒரு முறைகூடப் போய்வரவில்லை. ஆனால் நான் கடிகாரத்தை அழுத்தும்போதே லாபம் என்று சொல்லிவிடுகிறேன். முதல் முறை போய்வந்ததும் ரெண்டு. அப்படியே போய் இருபது என்று நிறுத்தும்போது உண்மையில் பத்தொன்பதுதான் ஆகியிருக்கும். நூல் குட்டையோ நெட்டையோ, ஒவ்வொரு தடவையும் இருபதில் ஒன்று காணாமல் போயிருக்கிறது. அதனால்தான் எல்லா நீளத்துக்கும் ஒரே தப்பு. ஒரு வருஷம், அந்த ஒன்றுக்காக நான் நூலையும் கடிகாரத்தையும் பூமியையும் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

"பா, நான் ஃபெயிலானது இதுலதான்பா" என்றேன்.

"எதுல?" என்றார் அப்பா. அவர் கையிலிருந்த வெறும் மரக்காலைக் காட்டினேன். "அளவு நிக்குது பாரு, எண்ணு" என்றார். எண்ணினேன்.

கண்டுபிடித்துவிட்டால் போதுமா? பதினேழு வருஷம் பழகிய வாய். குண்டை விடும்போது பூஜ்யம் என்று சொல்ல வேண்டும், போய்வந்த பிறகுதான் ஒன்று. அதைச் சொல்லிப் பழக, கூடத்து உத்தரத்தில் நூல் கட்டி, ஒரு கருங்கல்லைத் தொங்கவிட்டு, "பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே அன்று வந்திறங்கிய நெல் மூட்டைகள். அப்பா உள்ளே வந்தார்.

"இன்னா எண்ற?"

"பாடம்பா."

"நெல்லு வந்து எறங்கியிருக்கற வூட்ல நின்னுக்கினு பூஜ்யம் பூஜ்யம்ங்கற? இந்த வருசம் வெளஞ்சதே பாதிதான், அதுவும் போவணுமா? அவுத்துடு மொதல்ல அந்தக் கல்ல."

அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள், பேசாதே என்று. கல்லை அவிழ்த்தேன். கோபம் வந்தது எனக்கு. அப்பாமேலும் வந்தது, அப்பாவின் கோபத்தில் நியாயம் இருந்ததனாலும் வந்தது. ஏரியில் தண்ணீர் குறைந்து, பாதி நிலம்தான் அந்தப் போகம் நட்டிருந்தோம். அதற்குப் பிறகு நூலையும் கல்லையும் மோட்டார் கொட்டகைக்கு எடுத்துப் போனேன். நேரம் பார்க்க என்னிடம் கடிகாரம் கிடையாது. நாக்கைப் பழக்கத்தான் போனேன். எனக்கே அந்த வார்த்தையைச் சொல்லும்போது ஒரு மாதிரி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுற்றிலும் கதிர் அறுத்த வெறும் தாள். அதன் நடுவில் பூஜ்யம், பூஜ்யம் என்று ஒரு பெண்.

பரீட்சையில் மறுபடியும் ஊசல். எனக்கு வேறு எது வரும்! வெளியிலிருந்து வந்த பரீட்சகர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜை மேஜையாக நடந்தார். குண்டை இழுத்து விட்டேன், கடிகாரத்தை அழுத்தினேன். வாய் "லாபம்" என்றது. சத்தமாகவே வந்துவிட்டது. பரீட்சகர் திரும்பிப் பார்த்தார். நான் குண்டைப் பிடித்து நிறுத்தினேன். இந்த ஒரு வார்த்தையில் கரியமாணிக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடித் திறந்து, மறுபடி விட்டேன். பூஜ்யம். குண்டு போய், திரும்பி வந்தது. ஒன்று.

தொள்ளாயிரத்து எழுபத்தாறு வந்தது. லாக் புத்தகத்தில் இரண்டு தடவை வரிசை மாறி, அடித்து எழுதினேன். பரீட்சகர் பார்த்தார், தலையை லேசாக அசைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். தூக்கம்தான் வந்தது. சாயங்கால பஸ்ஸில் ஒரு மீன்காரம்மா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். தவளக்குப்பத்தில் இறங்கும்போது அவள் என்னை எழுப்பாமல், என் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஜன்னல் கம்பியில் சாய்த்துவிட்டுப் போனாள். பாதித் தூக்கத்தில் அந்த ஈரக் கையின் குளிர்ச்சி தெரிந்தது.

ரிசல்ட் மார்கழியில் வந்தது. பாஸ். அப்பாவிடம் சொன்னேன். "சரி" என்றார். மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். கரியமாணிக்கத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சொன்ன சொல் சொன்னதுதானா, இல்லையா என்று தெரியாமல் ஒரு மாதம் போயிற்று. நான் எழுதிய பரீட்சையைவிட அந்த மாதம்தான் அதிகம் களைப்பாக இருந்தது.

தையில் சம்பா அளந்தோம். சொர்ணவாரியைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். அப்பா மரக்காலை எடுத்தார். எண்ண என்னைக் கூப்பிடுவாரா என்று சந்தேகமாக இருந்தது. அந்தப் பூஜ்யத்துக்குப் பிறகு களத்துக்கு என்னை அவர் கூப்பிட்டிருக்கவில்லை. என் பக்கம் பார்க்காமலே "வந்து நில்லு" என்றார்.

வந்து நின்றேன். அப்பா மரக்காலைக் குவியலில் விட்டு நிறுத்திக்கொண்டார். நெல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கரியமாணிக்கத்துக்கு நேத்து ஆள் வுட்டுட்டேன். வேற எடம் பாத்துக்கச் சொல்லி." சரிந்த நெல்லைக் கையால் குவியலோடு ஒதுக்கினார். "காலேஜுக்குப் போயி பூஜ்யம்னு எண்ணிக்க. இங்க எப்பவும் போல எண்ணு."

எனக்கு எண்ணவே வராது என்று நினைத்தேன். அப்பா அள்ளினார். மேலே கூம்பாக இருந்ததைக் கையால் தட்டிவிட்டு, மரக்காலைச் சாக்குக்குள் கவிழ்த்தார். கடைசி மணி விழும்வரை காத்திருந்தேன். அப்புறம் சொன்னேன், "லாபம்."