பாதித் தலையோடு ஒரு வேலைநிறுத்தம்

கத்திரி அக்கா வீட்டை விற்கப்போகிறாள் என்ற செய்தி தெருவில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. வீட்டின் முன்னறைதான் அவளுடைய முடிதிருத்தும் கடை. ஒரு சுழல் நாற்காலி, ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. அந்த பெஞ்சுக்கு முடி வெட்ட வந்தவர்களைவிட வாயடிக்க வந்தவர்களே அதிகம்.

விற்காமல் தீராது. கடையைப் பெரிதாக்குகிறேன் என்று பல இடங்களில் வாங்கிய கடன் கழுத்தை நெரித்தபோது, நீதிமன்றம் எல்லாவற்றையும் ஒன்றாக்கித் தவணைத் திட்டம் போட்டுக் கொடுத்தது. மேற்பார்க்க ஓர் அதிகாரி. வீட்டை என்ன விலைக்கு விற்றாலும் அவர் ஒப்புதல் வேண்டும். பணம் நேரே கடன்காரர்களுக்குப் போகும். மாதக் கடைசிக்குள் விற்றால் கடன் மொத்தமும் அடையும், நாற்காலி அவளுக்கு மிஞ்சும். இல்லையென்றால் வீடு ஏலத்துக்கு. ஏலத்தில் பாதி விலைகூட வராது. மிச்சக் கடனுக்கு நாற்காலியும் போகும்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாம். கடன்பட்டவள் வாயை மூடிக்கொண்டால் யாருக்கு லாபம்?

வீடு பார்க்க வந்தவர்கள் சிரித்த முகமாக நுழைந்தார்கள். போகும்போது ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். காரணம் புரியவில்லை.

ஒரு நாள் காலை, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் மீசைக்காரருக்கு இடது பக்கம் வெட்டி முடித்திருந்தாள். வீடு பார்க்க ஒருவர் வந்தார். அவரை முன்னறையில் நிற்கவைத்து, மாடிச் சாவியை எடுக்க உள்ளே போனாள். திரும்பும்போது மீசைக்காரர் குரல் கேட்டது.

"நல்ல வீடுதான் தம்பி. மழை பெஞ்சா மட்டும் உள்ள குடை புடிச்சுக்கிட்டுத் தூங்கணும்."

"கரையான் வேற," என்றாள் பெஞ்சில் இருந்த தையல்காரி. "போன வாரம் ஒரு அலமாரியவே காணோம்."

வந்தவர் திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிட்டார்.

"யோவ் மீசை! இப்படி எத்தன பேர வெரட்டுன?"

"வந்தவன் அத்தன பேரையும்தான்," என்றார் பெருமையாக. "நீ ஊர விட்டுப் போயிட்டா எங்க தலைக்கு யாரு கதி?"

"இங்க என் தலையே போகுதுய்யா!" என்று வெடித்தவள், ஏலம்வரை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"அடிப்பாவி, மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?" என்றாள் தையல்காரி.

"ரெண்டு தெரு தள்ளி வாடகைக்கு ஒரு ரூம் பாத்து வச்சிருக்கேன். எங்கயும் ஓடல. ஆனா இந்த வீடு விக்கிற வரைக்கும் கத்திரியத் தொட மாட்டேன்."

மீசைக்காரர் கண்ணாடியைப் பார்த்தார். இடது பக்கம் ஒட்ட வெட்டியது. வலது பக்கம் புதர். "ஏம்மா, இந்தப் பக்கத்த மட்டுமாவது..."

"ஸ்ட்ரைக்குன்னா ஸ்ட்ரைக்குதான்."

அன்று முதல் மீசைக்காரர் தொப்பியோடு தெருத்தெருவாக அலைந்தார். வாடகை வீட்டில் புழுங்கிக்கொண்டிருந்த ஒரு நர்ஸ் அவர் கையில் சிக்கினாள். இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஒரு சொட்டு ஒழுகாதும்மா. நான் சாட்சி." அடித்துச் சொன்ன வேகத்தில் தொப்பி கழன்று விழுந்தது.

நர்ஸ் சுவரைத் தட்டினாள், குழாயைத் திறந்தாள், பிறகு அவர் தலையைப் பார்த்தாள். "பெரியவரே, இது என்ன கோலம்?"

"வீடு வித்தாத்தான் மிச்சத்த வெட்டுவாளாம்."

நர்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் சொன்ன விலைக்கு அதிகாரி ஒப்புக்கொண்டார். மாதக் கடைசிக்கு முன்பே பணம் கடன்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை கத்திரிக்கோல் மேசையை விட்டு எழவில்லை.

பெஞ்சைப் புது அறைக்குத் தெருவே தூக்கி வந்தது. நாற்காலியில் முதல் ஆளாக மீசைக்காரர் ஏறினார். கத்திரி அக்கா அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இடது பக்கமும் வளந்துடுச்சு. மறுபடி மொதல்லேருந்துதான் வெட்டணும்."

"அப்ப ரெண்டு தடவை காசா?"

"ஆமா. ஒண்ணு தலைக்கு, ஒண்ணு வாய்க்கு."