எங்கள் கம்பெனியை வாங்கினார்கள்

பெரம்பலூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் பதினோரு பேர் வேலை பார்த்தோம். லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் தொழில். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் பல லாரிகளின் எடை எங்கள் மென்பொருளில்தான் பதிவாகும்.

சென்னை நிறுவனம் ஒன்று எங்களை வாங்கியது. குன்னத்தில் மக்காச்சோளம் போடும் என் மாமனாரிடம், "கம்பெனியக் கையகப்படுத்திட்டாங்க மாமா" என்றேன். அவர் அறிந்த கையகப்படுத்தல் ஒன்றுதான். "எத்தன ஏக்கரு மாப்ள? வக்கீலப் பாத்தீங்களா?" என்று பதறினார்.

இணைப்பை வெற்றிகரமாக முடித்துத் தர ஓர் அதிகாரி வந்தார். கோபமே வராத நல்ல மனிதர். எல்லோருக்கும் டி-சர்ட் கொடுத்தார். 'நாம் ஒரே குடும்பம்' என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அடுத்த வாரமே, குடும்பத்தில் யார் யார் அதிகப்படி என்று பட்டியல் கேட்டார்.

பட்டியல் போடும் வேலை, மேனேஜரான என் தலையில் விழுந்தது. எங்கள் வாடிக்கையாளர்களின் போனை எடுப்பது ஒரே ஓர் அக்கா. ஜெயங்கொண்டத்துக்காரர். எந்த எடைமேடையில் மழை பெய்தால் ஒயர் நனையும், எந்த ஆபரேட்டருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை. சென்னையிலும் ஓர் உதவி மையம் இருந்தது. அக்காவின் பெயரை எழுதினேன். என் பெயர் வராமல் போனதில் நிம்மதியாகக்கூட இருந்தது.

"நீங்கதான் எழுதுனீங்களா தம்பி?" என்றார் அக்கா.

"மேல கேட்டாங்கக்கா."

"சரி. அந்த டி-சர்ட்டத் திருப்பித் தரணுமா?"

அக்கா போனதும் பழைய போன் நம்பர் நிறுத்தப்பட்டது. இனிப் புகார் என்றால் இணையதளத்தில் ஆங்கிலத்தில் பதிய வேண்டும். பிறகு எங்கள் மென்பொருளையும் சென்னைக்காரர்களின் மென்பொருளையும் ஒன்றாக்கி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எல்லா எடைமேடைகளுக்கும் அனுப்பினார் அதிகாரி. திறக்க வேண்டுமானால் உரிமையாளரின் போனுக்கு ஓடிபி வரும். அரியலூர்ப் பக்கம் ஓர் எடைமேடையின் உரிமையாளர் அந்த நேரத்தில் போனை அணைத்துவிட்டுச் சிறுவாச்சூர் கோயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

அதே எடைமேடைக்குத்தான் நானும் அதிகாரியும் காரில் போனோம், புதிய மென்பொருளை ஆபரேட்டர் பாராட்டுவதை வீடியோ எடுக்க. வெகுதூரத்துக்கு முன்பே லாரிகள் நின்றன. இறங்கி நடந்தோம். டிரைவர்கள் சொன்ன பாராட்டுகளை இங்கே எழுத முடியாது.

உள்ளே ஆபரேட்டர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அக்காவின் சொந்த நம்பர்.

"பழச அழிச்சிருக்க மாட்டாங்க. ஸ்கிரீன்ல கீழ மூலைல பாருங்க, லாரி படம் இருக்கா? அதத் தொறங்க."

கொஞ்ச நேரத்தில் முதல் லாரி மேடையில் ஏறியது.

"யாரு இவங்க? எந்த டீம்?" என்றார் அதிகாரி.

"நாம வேலைய விட்டு அனுப்புன டீம் சார்."

அவர் போனை வாங்கி, அக்காவைத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டார்.

"வரேன் சார். ஆனா பழைய நம்பர் வேணும். கூட ரெண்டு பேர் வேணும். ஒத்த ஆளா இருந்தா மறுபடி பட்டியல்ல எழுதிடுவாங்க."

நான் லாரிகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கேட்ட இரண்டும் கிடைத்தன. சில மாதங்கள் கழித்து, இணைப்பு வெற்றி பெற்றது எப்படி என்று அதிகாரி எங்கள் மாடியிலேயே உரையாற்றினார். திரை நிறைய வட்டங்கள், அம்புக்குறிகள். அக்காவுக்கு அதில் இரண்டு சொற்கள் ஒதுக்கியிருந்தார்: 'உள்ளூர் ஒத்துழைப்பு'. அக்கா அதைப் பார்க்கவில்லை. அடுத்த அறையில் யாருக்கோ, எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும் அக்காவின் மேசைக்குப் போய், இத்தனை நாள் கேட்காத மன்னிப்பைக் கேட்க வாயெடுத்தேன்.

"லைன்ல இருக்கேன் தம்பி, செத்த இருங்க" என்றார்.

நின்றேன்.