குண்டு வாயில் போட்ட கத்தி

பள்ளிக்கூடத்தில் கோணம் நடத்திய அன்று நான் வகுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். வாத்தியார் நாற்காலியில் யாரோ பசை தடவிவிட்டார்கள். யாரென்று இப்போது எதற்கு? அதனால் கோணம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தையின் கடையில் பார்த்ததுதான்.

அத்தை கத்திக்குச் சாணை பிடிப்பவள். மார்க்கெட் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போடும் அளவு இடம். மேசைமேல் ஒரு மோட்டார் மெஷின், அதில் கத்தியைச் செருக இரண்டு வாய்கள். ஒன்று பதினைந்து டிகிரி. அதில் போட்டால் விளிம்பு மெல்லிசாகும், தக்காளித் தோல்மேல் வைத்தாலே இறங்கும், எலும்பில் பட்டால் பல்லுப் பல்லாகப் பெயர்ந்துவிடும். இன்னொன்று இருபத்தைந்து. அதில் விளிம்பு தடித்து நிற்கும், அடி தாங்கும், ஆனால் அழுத்தித்தான் வெட்ட வேண்டும். ஒல்லி வாய், குண்டு வாய் என்று பெயர் வைத்தது நான். முதலில் தலையில் ஒரு குட்டு கிடைத்தது. பிறகு பார்த்தால், வாடிக்கையாளர்களிடம் அத்தையே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

யார் வந்தாலும் அவள் முதலில் கத்தியைப் பார்க்க மாட்டாள். "என்ன வெட்டுவீங்க?" என்பாள். பலகை மரமா கண்ணாடியா, இழுத்து வெட்டுவார்களா ஓங்கிப் போடுவார்களா, எல்லாம் விசாரித்த பிறகுதான் சுவிட்சைத் தட்டுவாள். போலீஸ் ஸ்டேஷனே தேவலை என்று ஒருவர் முனகிக்கொண்டே போனார். கையில் கிடைத்ததையெல்லாம் வெட்டுவேன் என்ற இன்னொருவரை, யோசித்துவிட்டு வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், ஒரு மாணவர் விடுதியின் சமையலறையில் காய் நறுக்குபவர். போன மழைக்காலத்தில் நறுக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே விழுந்தார். இடது பக்கத்தை இழுத்துவிட்டது. கால் திரும்பியது, பேச்சு திரும்பியது, கூடவே என்னைக் கிண்டல் செய்வதும் திரும்பியது. இடது கைக்கு மட்டும் பிடிப்பு பாதிதான் வந்தது. விரல் நுனிகளில் உணர்ச்சியே இல்லை. ஒருநாள் அவர் நாற்காலியில் சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அந்த விரல்களில் ஐஸ் கட்டியை வைத்தேன். துள்ளுவார் என்று காத்திருந்தேன். அவர் பாட்டுக்கு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். தரையில் சொட்டிய தண்ணீரைத் துடைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை வந்து நறுக்கிக் காட்டச் சொல்லி விடுதியிலிருந்து ஆள் வந்தது. சரியாக இருந்தால் பழைய வேலை, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்களாம். மாமா தன் கத்தியை அத்தையிடம் கொடுத்து, பழையபடி ஒல்லி வாயில் போடச் சொன்னார்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுபோன நான் பார்த்தேன். மாமாவின் கத்தி குண்டு வாயில் போய்க்கொண்டிருந்தது.

"வாயத் திறந்தே, அடுத்தது உன் நாக்குதான்," என்றாள் அத்தை.

எந்த வாயில் என்று கேட்க நாக்கு துடித்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். கூர் குறைந்தால் விரல் தப்பும் என்று அவள் நினைப்பு.

வீட்டில் மாமா பழகத் தொடங்கினார். கத்தி விரலில் படாமல் நின்றது, ஆனால் கேரட் நின்றபாடில்லை. அழுத்த அழுத்த இடது கையிலிருந்து நழுவி உருண்டது. வெட்டுப்பட்டதும் துண்டாகாமல் பிளந்தது. நான் கட்டிலடியில் புகுந்து கேரட் பொறுக்கினேன். பந்து பொறுக்கிப் போட ஆள் கிடைத்தது என்று முதல் நாள் சிரித்தவர், பிறகு சிரிக்கவில்லை. சனிக்கிழமை கத்தியைத் துணியில் சுற்றி அலமாரிமேல் வைத்தார்.

"வரலன்னு சொல்லி அனுப்பிடு," என்றார் அத்தையிடம்.

கத்தி சரியில்லையோ என்று அத்தை இழுத்தாள்.

"கத்தியா? நீ போட்டது தப்பா இருக்குமா? கைதான் போச்சு."

அத்தை அன்று சாப்பிடவில்லை. தட்டை அப்படியே மூடி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, சமையலறையில் மிக்ஸி பிளக்கில் சொருகினாள். அலமாரியிலிருந்து கத்தியை எடுத்தாள். கோணம் பார்க்க அவளிடம் ஒரு வழி உண்டு. கத்தி விளிம்பில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் தீட்டிவிட்டு, மெஷினில் ஒரே ஒரு இழுப்பு. கோணம் பொருந்தினால் மை முழுக்கப் போய்விடும். அன்று தீட்டி, ஒல்லி வாயில் ஒரு இழுப்பு இழுத்து, மாமாவிடம் நீட்டினாள். மேலே மை போயிருந்தது. வெட்டும் நுனியில் கறுப்பு அப்படியே இருந்தது.

இத்தனை வருஷம் அவளோடு இருப்பவருக்கு அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டியதில்லை.

"எப்போ குண்டு வாய்ல போட்ட?"

"குடுத்த அன்னைக்கே."

அவர் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். 

"வர்றவன் போறவனையெல்லாம் என்ன வெட்டுவீங்கன்னு கேக்குற. என்னை ஒரு வார்த்த கேக்கலயே."

அத்தை மோட்டாரைப் போட்டாள். நுனியில் கறுப்பு மறையும்வரை திரும்பத் திரும்ப இழுத்தாள். மெஷின் ஓரத்தில் இருந்த மெருகுச் சக்கரத்திலும் காட்டினாள். சத்தம் நின்றதும் கத்தியை அவர் கையில் கொடுத்தாள்.

கேரட் உருளவில்லை. பிடித்தும் பிடிக்காமலும் இருந்த அந்த விரல்களுக்கு அந்தக் கூர் போதுமாக இருந்தது. வட்டம் வட்டமாக விழுந்தது. மாமா முகம் பழைய முகமாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டட்டுமா என்றுகூட என்னைக் கேட்டார். அத்தை கேரட்டைப் பார்க்கவே இல்லை.

பலகையில் சிவப்பை முதலில் பார்த்தது நான். மாமா நறுக்கிக்கொண்டே இருந்தார்.

"நிறுத்துங்க," என்றாள் அத்தை.

"ஏன்?"

அவள் அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். எந்த விரல் என்று அவர் தேடினார். நடுவிரல் ஓரத்தில் சின்னக் கீறல்தான். அவள் கழுவினாள், துணி சுற்றினாள், முடிச்சைப் போட்டுவிட்டு விரலை விடாமலே கேட்டாள்.

"இப்போ கேக்குறேன். எந்த வாய்ல போடட்டும்?"

மாமா சுற்றிய துணியில் சிவப்பு மெல்லப் பரவுவதைப் பார்த்தார்.

"ஒல்லி வாய்தான்," என்றார்.

திங்கட்கிழமை அவர் கத்தியோடு விடுதிக்குப் போனார். சட்டைப் பையில் நான் வைத்த பஞ்சும் பிளாஸ்டரும் அவருக்குத் தெரியாது. கடையில் அத்தை வந்தவர்களிடம் என்ன வெட்டுவீங்க என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சொன்ன பதில் காதில் ஏறாமல் மறுபடியும் கேட்டாள். சுவிட்சில் வைத்த கை அப்படியே இருந்தது. கண் தெருமுனையில் இருந்தது.