குதிரைகளுக்குக் காவல்

எங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட வராதவரின் பாத்திரத்தை வேறு யாரும் எடுத்து ஆடக் கூடாது, கொல்லவும் கூடாது. மற்றவர்கள் குகைக்குள் போகும்போது அவர் மட்டும் வெளியே நின்று குதிரைகளுக்குக் காவல் இருப்பார். அந்த ஆண்டு மழைக்காலம் முடிந்ததிலிருந்து என் கணவர்தான் பெரும்பாலும் குதிரைகளுக்குக் காவல் இருந்தார்.

கொடைக்கானலில் நான் வேலை பார்த்த பள்ளியிலேயே கணக்கு டீச்சராக இருந்த அக்கா எங்களுக்கு அடுத்த வீடு. அவர் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், வட்டக்கானலில் ஒரு சின்ன விடுதி நடத்தினார். அங்கே தங்கிய வெளிநாட்டுப் பையன்கள் சுமக்க முடியாமல் விட்டுப்போன தடித்த விதிப் புத்தகங்களும் ஒரு பை நிறையப் பகடைகளும்தான் எங்கள் ஆட்டத்துக்குத் தொடக்கம். புத்தகங்களைப் படித்துக் கதையை நடத்துகிறவர் அக்கா. எதிரே என்ன நிற்கிறது என்று அவர் சொல்வார். என்ன செய்யப்போகிறோம் என்று நாங்கள் மூவரும் சொல்வோம். அது நடக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

சனிக்கிழமை மதியங்களில் எங்கள் வீட்டில் ஆடுவோம். மகள் அப்போது தவழ்கிற வயது. பகடையை விழுங்கிவிடுவாளோ என்று எனக்குப் பயம், அதனால் மேஜை நடுவில் தாம்பாளம் வைத்து அதில்தான் உருட்டுவோம். முடிந்ததும் பகடைகளை எண்ணிப் பையில் போடுவேன். சந்தேகம் வந்து மறுபடி கொட்டி எண்ணுவேன்.

பாத்திரத்தின் தொழிலைக் கிளாஸ் என்போம். என் கணவர் வாளும் கேடயமும் ஏந்திய வீரன். அண்ணன் திருடன். நான் மந்திரக்காரி. நிறைமாதமாக இருந்தபோது, வெளியே போக முடியாத மழை நாட்களில், நானும் என் கணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பாத்திரங்களையும் உருவாக்கினோம். கல்யாணத்துக்குப் பிறகு, பெரியவர்கள் யாரும் சொல்லாமல், நாங்களாகவே சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மந்திரக்காரிக்கு உயிர் கொஞ்சம். கவசம் போட்டால் மந்திரம் தவறும், போடாவிட்டால் ஓர் அடியில் விழுந்துவிடுவாள். வீரன் எத்தனை அடியும் தாங்குவான், ஆனால் கைக்கு எட்டுவதைத்தான் வெட்ட முடியும். ஆகவே அவர் குறுகலான வழியாகப் பார்த்து அதை அடைத்து நிற்பார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அவரை இரண்டு ஆள் உயரத்துக்கு வளர்ப்பேன். அவர் வாள் அறை முழுவதும் எட்டும். நான் கற்றுவைத்த மந்திரங்களில் பாதிக்கு மேல் என்மீது போடுவதற்கானவை அல்ல. அவரைப் பெரிதாக்க, அவரை வேகமாக்க, அவர்மேல் அடி படாமல் காக்க.

"ஏம்மா, இதுல நான் வராட்டி ஒன் ஆளு என்ன பண்ணும்?" என்று அவர் கேட்டார்.

"நீங்க வராம எங்க போயிருவீங்க?" என்றேன்.

பழனி அடிவாரத்தில் மாமனாருக்குப் பஞ்சாமிர்தக் கடை. மகள் பிறந்த சில மாதங்களில் மாமனாருக்குக் காலில் அறுவை நடந்தது. கடையைப் பார்க்க ஆள் இல்லை. "ஒரு வருசந்தான். சனிக்கெழம சனிக்கெழம வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு அவர் கீழே இறங்கினார். எனக்கு வேலை நிரந்தரமாகும் நேரம். நானும் குழந்தையும் மேலேயே இருப்பது என்று சேர்ந்துதான் முடிவு செய்தோம். வேலையை விட்டுவிட்டு வா என்று அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் விட்டது பெருந்தன்மையா, வருத்தமா என்று நான் இன்றுவரை மாற்றி மாற்றி நினைக்கிறேன்.

முதலில் வாராவாரம் வந்தார். பிறகு ஒன்றுவிட்டு ஒரு வாரம். கார்த்திகையில் மாலை போட்டவர்களின் கூட்டம், அப்புறம் தைப்பூசம். அக்கா வீட்டுப் போனில் கூப்பிடுவார். "சோலி தலைக்கு மேல கெடக்குது. அடுத்த வாரம் வெரசா வந்துருறேன்." அதில் பொய் எதுவும் இல்லை. அந்தக் கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். தைப்பூசக் கூட்டம் கலைந்தது. அவர் மலையேறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பாத்திரங்கள் அடுத்த லெவலுக்கு உயர்ந்தன. புது லெவலைப் பழைய கிளாஸிலேயே சேர்க்கலாம், அல்லது இன்னொரு கிளாஸைத் தொடங்கலாம். மந்திரத்தில் சேர்த்தால் எனக்கு இன்னும் பெரிய மந்திரங்கள் கிடைக்கும், ஆனால் அவற்றைப் போட முன்னால் ஒருவர் நிற்க வேண்டும். வீரத்தில் ஒரு லெவல் எடுத்தால் உயிர் கூடும், வில் பிடிக்கலாம், கொஞ்சம் தனியாக நிற்கலாம். அதற்கு விலை, மந்திரத்தில் இனி எப்போதும் ஒரு படி பின்தங்கியே இருப்பது. எழுதிய பிறகு மாற்ற முடியாது.

நான் எதையும் எழுதவில்லை. பாத்திரத்தின் விவரங்களை எழுதிவைக்கும் என் தாளில் அந்த இடம் வாரக்கணக்கில் காலியாக இருந்தது. அவர் வந்தால் மந்திரம், வராவிட்டால் வீரம். அவர் வருவாரா என்று எனக்குத் தெரியாது.

"அதுக்குன்னு வெறுந்தாளோட எத்தன நாளு ஆடுவ?" என்றார் அக்கா.

"அடுத்த வாரம் எழுதிருறேன்க்கா. அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு."

எலும்புக்கூடுகளின் குகையில் மூன்றாவது முறையாக நான் விழுந்தேன். அண்ணனின் திருடன் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினான். "ஏம்மா, ஒன்னையச் சொமந்து சொமந்தே என் ஆளுக்குக் கூன் விழுந்துருச்சு. அவன் திருடப் போனானா, பல்லக்குத் தூக்கப் போனானா?" என்றார் அண்ணன். நான் சிரித்தேன். மகள் என் மடியில் கிடந்து தாளின் ஓரத்தைச் சப்பிக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு மேல் கட்டிய கயிற்றில் அவளுடைய துணிகள் காயாமல் தொங்கின. பகடை இன்னொரு தடவை சரியாக விழாவிட்டால் என்னால் அண்ணனின் பாத்திரமும் சாகும் என்று அப்போதுதான் உறைத்தது. பென்சிலை எடுத்து எழுதினேன்: வீரன், ஒன்று.

அக்கா எட்டிப் பார்த்து, "சரி" என்றார். தேநீர் போடப் போனார்.

பங்குனி உத்திரம் முடிந்த வாரம் என் கணவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். வாசலில் பஞ்சாமிர்த டப்பாவோடு நின்றார். மகள் அவரைப் பார்த்ததும் அண்ணனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "போகப் போகப் பழகிருவா" என்றார் அண்ணன், தப்பு தன்னுடையது போல.

ஆட உட்கார்ந்தோம். அவர் என் தாளை இழுத்துப் பார்த்தார்.

"என்னது, சண்டைக்காரியா ஆயிட்ட?"

"ஒரே ஒரு லெவல்தாங்க. நீங்க வந்துட்டீங்கன்னா இனிமே மந்திரத்துலயே..."

"இல்லம்மா, இதுதான் நல்லது. இனி நான் வரலேன்னாலும் ஒனக்கு ஒண்ணும் ஆகாது."

கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். மலைப் பாதையில் வளைவுக்கு வளைவு பேருந்தில் நின்றபடியே வந்தவருக்கு உட்கார இடம் கிடைத்தால் முகம் எப்படித் தளரும்? அவர் முகம் அப்படித் தளர்ந்தது.

அன்று நாங்கள் நன்றாக ஆடினோம். அவர் வழியை அடைத்து நின்றார், நான் அவரைப் பெரிதாக்கினேன், எலும்புக்கூடுகள் நொறுங்கின. நாங்கள் ஜோடியாக ஆடியதிலேயே அதுதான் மிகச் சிறந்த சண்டை என்று அண்ணன் சொன்னார். வழக்கமாக ஞாயிறு மாலை வரை இருப்பவர், அன்று சாயங்காலமே கிளம்பினார். "காலைல வெள்ளனே கட தொறக்கணும்." குழந்தையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு பேருந்து நிலையம் வரை போனேன்.

"அடுத்த வாரம்?"

"பாப்போம்மா."

அதுவரை அவர் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. வராத வாரங்களுக்கும் வந்துருறேன் என்றுதான் சொல்வார்.

ஆனி மாதம் போனில் சொன்னார், தான் அங்கேயே இருந்துகொள்வதாக. சண்டை எதுவும் இல்லை. "நீ அங்க நல்லாத்தான இருக்க. பாப்பாவ அப்பப்ப கூட்டிட்டு வா." நான் சரிங்க என்றேன். அந்தத் தாளை இன்னும் ஒரு வாரம் காலியாக வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காத நாள் இல்லை. நான் தனியாக நிற்க முடியாதவளாகவே இருந்திருந்தால் அவர் வந்துகொண்டிருப்பாரோ. வந்திருக்கலாம். அந்த நின்றுகொண்டே வருகிற முகத்தோடு. அது போதும் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் தோன்றுவதில்லை.

அடுத்த சனிக்கிழமை அக்கா கதையைத் தொடங்கினார். "குகை வாசல். உள்ள போறது நீங்க ரெண்டு பேரும். வீரன்..." என்று வழக்கம்போல் என்னைப் பார்த்தார்.

"குதிரைங்கள வித்துரலாம்க்கா" என்றேன்.

அண்ணன் விலை பேச வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் தாம்பாளத்தை என் பக்கம் இழுத்துப் பகடையை உருட்டினேன்.