மச்சினன் பேரில் வந்த ரத்தக்கட்டி

தரையிலிருந்து அறுபது மீட்டர் உயரத்தில், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நுழைய முடியாத கண்ணாடிப் பெட்டியில் பதினேழு வருடம் வேலை பார்த்தவர் அவர். கட்டடம் எழும்பும் இடங்களில் கோபுர கிரேன் ஓட்டுவது தொழில். கம்பிக்கட்டு, சிமெண்ட் வாளி, இரும்புச் சட்டம் எதுவானாலும் அவர் கை அசைந்தால்தான் மேலே போகும். கீழே இருப்பவர்கள் அவருக்கு 'மேலவர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எது தாமதமானாலும் "மேல இருக்கறவர் பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைப்பார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இவர்களுக்கு இவ்வளவு பக்தியா என்று நினைத்துக்கொள்வார்கள்.

நிஜமாகவே மேலே இருப்பவருக்கு ஏணி ஏறுகிற தொல்லை கிடையாது. நம் மேலவருக்கு உண்டு. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். நடுவில் இறங்கி ஏறினால் முக்கால் மணி நேரம் வேலை நிற்கும், கீழே மேஸ்திரி ரேடியோவில் கத்துவார். அதனால் சாப்பாடும் அந்த நாற்காலியில்தான். தண்ணீர் குடித்தால் அது வெளியே வர வழி கேட்கும் என்பதால் உதடு நனைகிற அளவுக்கு மேல் குடிக்க மாட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மனைவி செம்பு நிறையக் கொடுத்தால் ரெண்டு மடக்கு குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். பத்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, தின்று, உடம்பு தன் பாட்டுக்கு வளர்ந்தது. தொழிலில் ஒரு கீறல் கிடையாது. முட்டைத் தட்டைக் கட்டிக் கொடுத்தாலும் ஓடு விரிசல் விடாமல் பன்னிரண்டாம் மாடியில் இறக்குவார் என்று பேர்.

பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு புது ஆள் வந்தார், கையோடு எடை மெஷினும் வந்தது. மேலே யாராவது மயங்கி விழுந்தால் கட்டி இறக்குவதற்கு ஒரு பெல்ட் உண்டு. அது நூற்று இருபது கிலோ வரைதான் தாங்கும். மேலவர் ஏறி நின்றதும் மெஷின் நூற்று நாற்பத்தாறு காட்டியது. அன்றே ஏணிக்குப் பூட்டு. எடையைக் குறைக்க ஒரு வருடம் தவணை, அதுவரை தரையில் நின்று சைகை காட்டும் வேலை. மேலவர் அரை வயிறு சாப்பிட்டார், விடியலில் நடந்தார், யார் யாரோ சொன்ன பொடியெல்லாம் கரைத்துக் குடித்தார். ஆறு கிலோ இறங்கி எட்டு கிலோ ஏறியது. கடைசியில் கம்பெனி மருத்துவ அட்டையிலேயே எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று தெரிந்தபோது, சாமி வரம் கொடுத்த மாதிரி சந்தோஷப்பட்டார்.

ஆபரேஷன் டாக்டர் நல்ல மனிதர். அவசரப்படாமல் காகிதத்தில் இரைப்பையைப் படம் போட்டுக் காட்டினார். நீளவாக்கில் வெட்டி, முக்கால் பங்கை எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழ அளவுக்கு மிச்சம் வைப்போம் என்றார். இது அழகுக்குச் செய்கிற வேலை இல்லை, திருப்பி ஒட்ட முடியாது, ஆயுள் முழுக்க அளந்துதான் சாப்பிட வேண்டும், சத்து மாத்திரையை விடக் கூடாது என்றார். தைத்த இடம் கசியலாம், ரத்தம் போகலாம். மேலவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு டாக்டர் பேனாவை இரைப்பையிலிருந்து காலுக்குக் கொண்டுபோனார். காலில் ரத்தம் உறைந்து கட்டியாகி, அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். இந்த ஆபரேஷனில் உயிரை எடுக்கிற காரணங்களில் அது முன்வரிசையில் நிற்பது. ஏற்கெனவே ஒரு தடவை கட்டி வந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு.

மேலவரின் தலை அங்கே நின்றது. பக்கத்தில் இருந்த மனைவி புடவைத் தலைப்பை விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

ஆறு வருடத்துக்கு முன் அவருக்கு இடது கால் வீங்கிச் சிவந்து, கெண்டைக்காலில் ரத்தக்கட்டி வந்திருந்தது. வேறொரு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் படுத்துக் கிடந்தார். ஆனால் படுத்தது அவர் பேரில் இல்லை. கம்பெனி அட்டையைக் காட்டினால் விஷயம் சைட்டுக்குப் போகும், இப்படி ஒரு நோய் வந்தவனை யார் தனியாக மேலே ஏற்றுவார்கள் என்று பயம். அவர் மனைவியின் தம்பி தண்ணீர் வாரிய அலுவலகத்தில் எழுத்தர். அவனுடைய வாரிய மருத்துவ அட்டையில் படம் கிடையாது, பேரும் வயதும்தான். "என் அட்டைய வச்சுக்கோங்க மாமா" என்று அவனே கொண்டுவந்து நீட்டினான். அவன் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான். ஒன்பது நாளும் நர்ஸ் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட, மேலவர் திரும்பிப் பார்க்காமல் படுத்திருப்பார். இவருக்குக் காதும் மந்தம் என்று ஃபைலில் எழுதிவிட்டார்கள்.

ஆக மேலவரின் காகிதம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கட்டி வந்தது மச்சினனுக்கு.

விவரம் எழுதும் அறையில் நர்ஸ் கேள்வி கேட்டுக்கொண்டே போனாள். சர்க்கரை, நெஞ்சுவலி, வலிப்பு எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றார். ரத்தக்கட்டி என்றதும் இருமினார். இங்கே சொல்வதெல்லாம் கம்பெனிக்குப் போகுமா என்று பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டார். கம்பெனி அட்டையில் செய்வதால் முழு ஃபைலும் போகும் என்று நர்ஸ் நிமிராமலே சொன்னாள். மேலவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். சொன்னால் ஏணி போச்சு. அதோடு போகாது, பொய் அட்டை கொடுத்ததற்கு மச்சினனின் உத்தியோகமும் போகும். சிபாரிசு இல்லாமல் பரீட்சை எழுதி அவன் வாங்கிய வேலை. சொல்லாவிட்டால் ஆபரேஷன் மேஜையிலிருந்து எழுந்திருப்பது நிச்சயமில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் எப்படிக் கத்துவான்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், இப்போது அதில் ஒரு கீற்றை மட்டும் வெளியே எடுத்துக் காட்டலாம் என்று பார்த்தார். "எங்க குடும்பத்துல ஒருத்தருக்கு வந்திருக்கும்மா," என்றார். "என் மச்சினனுக்கு."

"மச்சினன்னா, உங்க சம்சாரத்தோட தம்பியா?"

"ஆமா."

"அவரு ரத்த சொந்தம் இல்லீங்களே. அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க யாருக்காவது?"

சொந்த அண்ணனின் அட்டையை வாங்கியிருந்தாலாவது குடும்ப நோய் என்று எழுதியிருப்பாளே என்று அந்த நேரத்தில் மேலவருக்குத் தோன்றியதாம். புத்தி போன போக்கைப் பாருங்கள். நர்ஸ் 'இல்லை' என்று எழுதிக் காகிதத்தைத் திருப்பி வைத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு மூச்சு முட்டியது. அறுபது மீட்டர் உயரத்துப் பெட்டியில் அடைந்து கிடந்தபோது வராத மூச்சுமுட்டல், வீட்டுக் கூடத்தில் காற்றாடிக்கு நேர் கீழே வந்தது. கெண்டைக்காலை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். மனைவி புருஷனைச் சொல்லச் சொன்னால் தம்பி போவான், தம்பிக்காக வாயை மூடினால் புருஷன் போவார். மத்தளத்துக்காவது இரண்டு பக்க அடியோடு முடிந்தது. இவள் சமைத்து, துணி துவைத்து, ஆஸ்பத்திரிக்குப் பையும் கட்ட வேண்டியிருந்தது. ஒரே ஒரு தடவை, துணி மடிக்கும்போது, "நான் யாரைங்க காப்பாத்தறது?" என்று கேட்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் சேர்த்தார்கள். மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். தூரத்தில் எங்கோ ஒரு கிரேனின் கை தெரிந்தது. கட்டியவன் பின்பக்கம் தொங்கும் எதிர்ப்பாரத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்திருக்கிறான் என்று பார்த்ததுமே மனைவியிடம் சொன்னார். பழக்க தோஷம். மத்தியானத்திலிருந்து பட்டினி, தண்ணீர்கூடக் கூடாது என்று கட்டிலில் பலகை மாட்டியிருந்தார்கள். நாலரை மணிக்குப் பார்வையாளர் நேரத்தில் மச்சினன் வந்தான். அலுவலகத்திலிருந்து நேராக வந்திருந்தான். அக்கா நாற்காலியைக் காட்ட, உட்கார்ந்து கால்மேல் கால் போட்டான்.

பேண்ட் விளிம்பு மேலே ஏறியது. கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி, தடித்த ரப்பர் போல இறுக்கமான ஒரு உறை. இந்த வெயிலில் இதைப் போய் யார் மாட்டுவார்கள் என்று நினைத்த அடுத்த கணமே மேலவருக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. காலில் ரத்தம் கட்டாமல் இருக்க ஒன்பது நாள் அவரும் அதைப் போட்டிருந்தார்.

"என்ன மாப்ள இது?"

மச்சினன் காலைக் கீழே இறக்கினான். பேண்டை இழுத்துவிட்டான். பிறகு, இனி மறைத்து என்ன ஆகப் போகிறது என்று நினைத்தானோ என்னவோ, சிரித்தான். "உங்க வியாதிதான் மாமா."

அவன் சொன்ன கதை இது. வாரிய அலுவலகத்தில் வருஷா வருஷம் உடம்பு பரிசோதனை உண்டு. அங்கே வந்த புது டாக்டர், அட்டை வழியாக ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர்ந்த பழைய ஃபைலைப் புரட்டியிருக்கிறார். எடை நூற்றுப் பதினெட்டு, இடது காலில் ரத்தக்கட்டி, காது மந்தம். எதிரில் நிற்பவனோ ஐம்பத்தாறு கிலோ. டாக்டர் எழுந்து கை கொடுத்துவிட்டார். அறுபத்திரண்டு கிலோவை எப்படிக் குறைத்தீர்கள் என்று காது அருகில் வந்து உரக்கக் கேட்டார். இவன் என்ன சொல்வான்? நடந்தேன் என்றான். அந்தப் பாராட்டோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு தடவை கட்டி வந்த கால், இன்னொரு தடவை வரலாம், இந்த உறையைத் தினமும் போட வேண்டும் என்று உத்தரவு. திடீர் திடீரென்று டாக்டர் இவன் மேஜைக்கே வந்து காலைத் தொட்டுப் பார்ப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வேறு.

கேட்டுக்கொண்டிருந்த மேலவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். சிரிப்பு எங்கே அழுகையாயிற்று என்று தெரியவில்லை.

"எத்தனை வருஷமாடா போட்டிருக்கே?" என்று அக்கா கேட்டாள்.

"அஞ்சு வருஷம் முடியுது."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எனக்கு வரலைன்னு சொன்னா யாருக்கு வந்துதுன்னு கேப்பாங்களேக்கா." அவன் மேலவரைப் பார்த்தான். "என்னோட நல்ல காலுக்கே இத்தனை காபந்து பண்றாங்க மாமா. நாளைக்கு மேஜைல படுக்கப்போறது நீங்க. உங்களுக்கு யாரு பண்ணுவாங்க? சொல்லிடுங்க. என் வேலைய நான் பாத்துக்கறேன்."

மேலவர் ஜன்னலைப் பார்த்தார். அந்தக் கிரேன் எதையோ தூக்கிக்கொண்டு நிதானமாகத் திரும்பியது. பாரம் ஆடாமல் இறங்குகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை அழுகையாக வந்தது. உயிருக்காக இல்லை, அந்தப் பெட்டிக்காக. எத்தனையோ நாள் திட்டிக்கொண்டே ஏறிய பெட்டி.

அந்த நேரம் பார்த்து மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ஃபைலோடு வந்தார். விடுபட்டது ஏதாவது உண்டா என்று கடைசித் தடவையாகக் கேட்பது அவர் வழக்கம்.

"இருக்கும்மா," என்றார் மேலவர். "எனக்கு முன்னாடியே ரத்தக்கட்டி வந்திருக்கு. ஆறு வருஷம் ஆச்சு. வேற பேர்ல படுத்திருந்தேன்."

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். "எந்தக் கால்?"

"இடது," என்று பதில் வந்தது. சொன்னது மச்சினன். அவன் பாட்டுக்கு, பழக்கத்தில் சொல்லிவிட்டான்.

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டார், எழுதினார், திட்டவில்லை. நாளைக்கு ஆபரேஷன் இல்லை என்றார். கால் ஸ்கேன், ரத்த டாக்டர், ஊசி எல்லாம் முடிந்த பிறகு செய்யலாமா வேண்டாமா என்று பார்ப்போம் என்றார். இது ஃபைலில் போகும், என்னால் மறைக்க முடியாது என்றும் சொன்னார். மறைக்க வேண்டாம் என்றார் மேலவர். பட்டினிப் பலகையை டாக்டரம்மா தன் கையாலேயே கழற்றிக்கொண்டு போனார்.

மச்சினன் குனிந்து அந்த உறையை உருட்டி உருட்டிக் கழற்றினான். முழங்காலுக்குக் கீழே சிவப்பாக ஒரு வளையம் பதிந்திருந்தது. அதை நகத்தால் ஆசைதீரச் சொறிந்தான்.

"இனிமே ஏணி இல்லை," என்றார் மேலவர்.

மனைவி செம்பில் தண்ணீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். பழக்கப்படி ரெண்டு மடக்கு குடித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் செம்பைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.