கண்மணி கண்ட கடைக்குறை

கோபிசெட்டிபாளையத்துக் கண்மணி தமிழில் எம்.ஏ. முடித்தவள். டெக்சாஸுக்கு வந்த ஒன்பது வருடத்தில் அந்தப் படிப்புக்குக் கிடைத்த ஒரே வேலை, தெரிந்தவர்கள் வீட்டு அழைப்பிதழ்களில் சந்திப்பிழை பார்ப்பது. "என்ன படிச்சிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், கணவன் மதன் முந்திக்கொண்டு "ஆர்ட்ஸ்" என்பான்.

வேலை செய்ய அனுமதி வந்ததும் ரிச்சர்ட்சனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் சேர்ந்தாள். இடைக்கால எபிரேய வழிபாட்டுப் பாடல்களை ஸ்கேன் செய்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்க வேண்டும். அர்த்தம் தெரியத் தேவையில்லை என்றார்கள். அவளோ அகராதியை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டாள்.

பிழை காட்டும் புரோகிராமை எழுதியவள் அங்கேயே வேலை பார்த்த காயல்பட்டினத்து ஷஹீமா. ஓட்டிய அன்றே திரை முழுக்கச் சிவப்பு.

"அக்கா, இந்தக் கவிஞருங்களுக்கு கிராமரே தெரியல. நாலாயிரம் மிஸ்டேக்! மொத்தமா கரெக்ட் பண்ணிடட்டா?"

கண்மணி எட்டிப்பார்த்தாள். 'செயல்' என்று பொருள்படும் 'மஅசே', வால் அறுந்து 'மஅஸ்' என்று நின்றது. அடுத்தடுத்த அடிகளும் அதே ஓசையில் முடிந்தன.

"கை வைக்காத! இது மிஸ்டேக் இல்ல, கடைக்குறை. பாட்டுல ஓசைக்காக சொல்லோட வால வெட்டறது. நீலத்த நம்ம ஆளுங்க 'நீல்'னு வெட்டல?"

"எந்த ஆளுங்கக்கா?"

இருவரும் எபிரேயப் பேராசிரியை மிரியத்திடம் போனார்கள். கடவுளைப் பாட வந்தவர்கள் அழகுக்காக வேண்டுமென்றே சொல்லை வெட்டினார்கள், புதிதாக வார்த்தார்கள்; பின்னால் வந்த இலக்கணக்காரர்களிடம் அதற்காக வாங்கியும் கட்டிக்கொண்டார்கள் என்று அவர் சிரித்தார். தமிழில் அந்த வெட்டுக்குப் பெயரே உண்டு என்று கண்மணி சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்தார். மறுவாரம் அவருடைய வகுப்பில் கண்மணி முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை மூன்றையும் விளக்கினாள். அமெரிக்காவில் அவளிடம் தமிழ் இலக்கணம் கேட்ட முதல் கூட்டம் அதுதான். அதில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

மதனுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து ஊரான காப்பெலில் ஒரு பிறந்தநாள் விருந்தில், "என் வைஃப் ஹீப்ரூ கிராமர்ல எக்ஸ்பர்ட்" என்று அறிவித்தான். தமிழைப் பற்றி மூச்சு விடவில்லை.

பொய்யை மெய்யாக்கிவிடலாமே என்று அவள் எபிரேயத் தொடக்க வகுப்பில் சேர்ந்தாள். முதல் கட்டுரை, 'என் வீடு'. மிரியம் ஏழு இடத்தில் பென்சிலால் சுழித்திருந்தார். ஏழும் வால் வெட்டிய சொற்கள்.

"பாட்டில் இதைத்தானே அழகு என்றீர்கள்?" என்றாள் கண்மணி ஆங்கிலத்தில்.

"பாட்டில் அழகுதான். இங்கே நீ சமையலறையை அல்லவா வர்ணித்திருக்கிறாய்!"

வீட்டுக்கு வந்து ஏழு சொல்லையும் முழுசாக எழுதிப் பழகினாள். மார்க்கை மதனிடம் சொல்லவில்லை.