கம்பி மூடியைத் தூக்கிய மழைநாள்

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி எங்கள் வீட்டு கேட்டைக் கடந்து மிதந்து போனது. பள்ளி வேன் வரும் நேரம் என்பதால் சுவர்க் கடிகாரத்தை அப்போதுதான் பார்த்திருந்தேன். இருமல் என்று சொல்லி அன்று அரைநாள் விடுப்பு எடுத்திருந்தேன். நாற்காலியைப் பார்த்ததும் யார் வீட்டு நாற்காலியோ என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். முனைச் சாப்பாட்டுக் கடையின் நாற்காலிகள் அதே சிவப்பு என்பது தெரியும். மழை நேரத்தில் அவற்றில் ஒன்றை எங்கே வைப்பார்கள் என்பதும் தெரியும். இரண்டும் என் தலைக்குள் ஒன்று சேரவில்லை.

எங்கள் சந்து ஜார்ஜ்டவுனின் தாழ்ந்த பகுதிகளில் ஒன்று. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மழையும் அடித்தால் ஆறு தண்ணீரை வாங்காது. அது திரும்பி வரும். சந்தின் ஓரமாக ஓடும் லோங்காங், அந்தத் திறந்த சாக்கடை, சாப்பாட்டுக் கடை இருக்கும் முனையில் ஆழமான ஒரு குழிக்குள் இறங்கி, பெரிய சடக்கு என்னும் பிரதான சாலைக்கு அடியில் புகுந்து ஆற்றுக்குப் போகிறது. அந்தக் குழிக்கு மேல் கனமான கம்பி மூடி உண்டு. இலை, பிளாஸ்டிக் பை, சமையல் கொழுப்பு எல்லாம் கம்பிகளில் வந்து அப்பிக்கொள்ளும். அடைத்ததும் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறும். அதனால் தண்ணீர் கணுக்காலைத் தொட்டவுடன் ஆண்கள் இரண்டு பேர் கொக்கி மாட்டி மூடியைத் தூக்கி ஓரமாகப் போடுவது எங்கள் வழக்கம். போட்டதும் தண்ணீர் மடமடவென்று இறங்கும். குழி இருக்கும் இடம் தெரிய, கடை நாற்காலி ஒன்றைக் குழியின் விளிம்பில் நிறுத்தி, அதன் மேல் ஒரு சிமெண்டுக் கல்லை வைப்பார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. நான் கல்யாணமாகி இங்கே வந்த வருடமே பார்த்துவிட்டேன். நல்ல ஒற்றுமையான சந்து என்று அப்போது பெருமைப்பட்டதும் நினைவிருக்கிறது.

அன்று கல்லை யாரும் வைக்கவில்லை. தூக்கியவர் மற்றவர் வைப்பார் என்று நினைத்தார். மற்றவர் நாற்காலி கொண்டுவந்தவன் வைத்திருப்பான் என்று நினைத்தார். பெரிய சடக்கில் போன லாரி ஒன்று சந்துக்குள் அலையைத் தள்ளியது. நாற்காலி கிளம்பிவிட்டது.

நான் கேட்டில் நின்று பார்க்கிறேன். வேன் கடை முனையில் நின்றது. என் மகள் இறங்கினாள். அப்போது ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். காலணிகளைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் மஞ்சள் குடையோடு, தண்ணீரைக் காலால் உதைத்து உதைத்து நடந்தாள். விளையாட்டுதான். ஓரமாக வராதே என்று கத்த வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. நிமிர்ந்தபோது குடை மட்டும் இருந்தது. தண்ணீரின் மேல் கவிழ்ந்து மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் ஓடினேன் என்று சொல்கிறார்கள். எனக்கு ஓடிய நினைவு இல்லை. கடைக்காரர் என்னைவிடக் கிட்டத்தில் இருந்தார். கரண்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். புத்தகப் பை குழியின் விளிம்பில் குறுக்காகச் சிக்கியிருந்தது. அதன் வார்களில் அவள் தொங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவளைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் படுத்தவாக்கில் பையைப் பிடித்தார். அவர் இடுப்பை இரண்டு பேர் பிடித்தார்கள். அவர் வாய் "அல்லா, அல்லா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. அவளை மேலே கொண்டுவந்தபோது மணிக்கட்டு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. முழங்காலிலிருந்து கீழே தோல் உரிந்திருந்தது. மூச்சு இருந்தது.

தீவுக்கு எதிர்க்கரையில், பத்து காவான் என்ற ஊரில் வேலை செய்யும் என் கணவர் பாலத்தைத் தாண்டி மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் அவளுக்கு மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தாள். "என் ஷூ போயிடுச்சு டேடி" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. பிறகும் அந்த நாளைப் பற்றி அவள் பேசவில்லை. மறந்துவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று நானும் நம்பினேன்.

மறக்காதவள் நான். குளியலறையில் தண்ணீர் இறங்கும்போது கடைசியில் ஓர் உறிஞ்சும் சத்தம் வருமே, அதற்குப் பயந்து குழாயைத் திறந்தபடியே விட்டிருக்கிறேன். கல்யாண மண்டபங்களில் சிவப்பு நாற்காலி இருந்தால் நின்றுகொண்டே சாப்பிடுவேன். வேனை நிறுத்திவிட்டேன். அலுவலகத்தில் கெஞ்சி, மதிய இடைவேளையைத் தள்ளிவைத்து, நானே காடியை, எங்கள் காரை, ஓட்டிப் போய் அவளை அழைத்துவந்தேன். வானம் கருத்தால் பள்ளி முடிவதற்கு முன்பே வாசலில் போய் நிற்பேன். "இன்னிக்குமா?" என்பாள். வேறு எதுவும் கேட்க மாட்டாள்.

நகர மன்றத்தின் பொதுப்பணிப் பிரிவிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். இளம் மலாய்ப் பெண், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். திட்ட வருகிறார்கள் என்றுதான் சந்து முழுவதும் நினைத்தது. கடையின் தகரக் கூரைக்குக் கீழே எல்லோரும் கூடினோம். மலாயில்தான் பேச்சு. மூடியை யார் தூக்கியது என்று அவர் கேட்கவே இல்லை. எத்தனை வருடமாகத் தூக்குகிறீர்கள், தூக்காவிட்டால் எந்த வீட்டில் முதலில் தண்ணீர் ஏறும், எது வந்து அடைக்கிறது என்றுதான் கேட்டார். கடைக்காரர் பின்னால் தூணோடு ஒட்டி நின்றார். மிதந்து போனது தன் கடை நாற்காலி என்பதாலோ என்னவோ, அன்றைக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரருக்கு மட்டும் வாய் நிற்காது. "புவான், எது அடைக்குதுன்னா, இந்தா நிக்கிறாரே, இவரு கடை ஆட்டுக் கொழுப்புதான். அதைச் சாப்பிட்டு என் ரத்தக் குழாயே அடைச்சிருக்கு, லோங்காங் எம்மாத்திரம்?" என்று பொறியாளரைப் பார்த்துப் பாதி மலாயிலும் பாதி தமிழிலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்க காடி நிறுத்த வாசல் புல்லு பூரா சிமெண்டு ஊத்தினீங்களே, அதச் சொல்லுங்க அண்ணே" என்றார் கடைக்காரர். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் பொறியாளர் சிரிக்காமல் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

நான் எழுந்து நின்றேன். சந்தின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை லோங்காங்கை சிமெண்டுப் பலகையால் மூடிவிடுங்கள் என்றேன். ஒரு விரல் நுழைய இடம் இருக்கக் கூடாது என்றேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பொறியாளர் என்னை உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். முழுக்க மூடினால் உள்ளே மண்ணும் கொழுப்பும் சேர்வது வெளியே தெரியாது. சுத்தம் செய்ய இறங்கவும் முடியாது. ஒரு பருவத்துக்குள் அடைத்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் உங்கள் வீடுகளுக்குள்தான் வரும். தண்ணீருக்கு நிற்க இடம் கொடுத்தால் அது குழியை நோக்கி இவ்வளவு வேகமாக ஓடாது, மூடியைத் தூக்கவும் அவசியம் வராது என்றார். எனக்குப் புரிந்தது. புரிந்தும் அவரை வெறுத்தேன். அவருக்குப் பிள்ளை இருக்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வேலை பல மாதம் நடந்தது. வாசல் சிமெண்டுகளை உடைத்து மறுபடி மண்ணும் புல்லும் போட்டார்கள். தபால்காரர் தன் காடியை எங்கே நிறுத்துவது என்று தினமும் ஒருவரைப் பிடித்துக் கேட்டார். சந்தின் கடைசியில், பழைய லாரிகள் நின்ற காலிமனையைத் தாழ்த்தி, பள்ளமான புல்திடலாக்கினார்கள். காய்ந்த நாளில் பிள்ளைகள் பந்து விளையாடலாம், மழை நாளில் தண்ணீர் அங்கே போய் நிற்கும், பிறகு மெல்ல வடியும். கடைக்குப் பின்னால் கொழுப்பைப் பிடித்துவைக்கும் தொட்டி வந்தது. "என் குழம்பு எண்ணெய்க்கு கவர்மெண்டு பங்களா கட்டுதுலா" என்றார் கடைக்காரர். பல மாதத்துக்குப் பிறகு அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அதுதான். குழியின் மேல் கீல் வைத்த புதிய கம்பி மூடி வந்தது. பூட்டு உண்டு, சாவி மன்றத்து ஆட்களிடம் மட்டும். லோங்காங்கின் விளிம்பில் வெள்ளைக் கம்பங்கள் நட்டார்கள். தண்ணீர் ஏறினாலும் விளிம்பு எங்கே என்று தெரியும்.

மாதந்தோறும் மன்றத்து ஆட்கள் வந்து மண்ணை வாருவார்கள். எந்த நாள் என்று முன்கூட்டியே கடைச் சுவரில் ஒட்டியிருக்கும். அன்று காடிகளை நகர்த்திவைப்பது எங்கள் பொறுப்பு. தபால்காரர் வீடு வீடாகக் கேட்டைத் தட்டி எழுப்புவார். பழைய ஒற்றுமை இப்படி வேறு வேலைக்குப் போனது.

ஆறாம் ஆண்டு தொடங்கியதும் மகள் சொன்னாள்: "நான் வேன்லயே வரேன். முனையில இறங்கி நடந்து வரேன்."

"மழை பெஞ்சா?"

"மழை பெஞ்சாலும்."

என் கணவர் என்னைப் பார்த்தார். சரி என்றேன். அதன் பிறகு இரண்டு வாரம் மழையே இல்லை. அந்த இரண்டு வாரமும் வானிலையைத் தவிர வேறு எதையும் நான் படிக்கவில்லை.

பிறகு ஒரு மதியம் மழை வந்தது. அலுவலகத்திலிருந்து அவசரம் என்று கிளம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். கொம்தார் கோபுரம் மழையில் முழுக்க மறைந்திருந்தது. கேட்டில் நின்றேன். போகக் கூடாது, நடந்து வரட்டும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் சந்தில் பாதத்தை நனைக்கும் அளவுக்கு வந்து, புல்லில் இறங்கி, கடைசித் திடலை நோக்கிப் போனது. உண்மையிலேயே போனது. வேன் வந்து நின்றதையும் பார்த்தேன். மழை கனத்ததில் யார் இறங்கினார்கள் என்று தெரியவில்லை. வேன் போய்விட்டது.

குடை எதுவும் வரவில்லை.

காத்திருந்தேன். சந்து வெறுமையாக இருந்தது. பிறகு ஓடினேன். இந்தத் தடவை ஓடிய ஒவ்வோர் அடியும் நினைவிருக்கிறது. வெள்ளைக் கம்பங்களைத் தொட்டுத் தொட்டு ஓடினேன். கடை முனையில் கடைக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கம்பி மூடியைப் பார்த்தபடி நனைந்துகொண்டு நின்றார். மழை வந்தால் அவர் அங்கேதான் நிற்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"அண்ணே, பிள்ளைய பாத்தீங்களா?"

"வேன் வந்துச்சு தங்கச்சி. அப்ப நான் பின்னாடி அடுப்ப அணைக்கப் போயிருந்தேன்." அவர் குனிந்து மூடியைப் பார்த்தார். "இங்க வரலியே. நான் இங்கதானே நிக்கிறேன்."

நான் மண்டியிட்டேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. பூட்டியிருக்கிறது என்று கை சொல்லியும் மனம் கேட்கவில்லை. கம்பிகளுக்கு இடையில் கண்ணை வைத்துக் கீழே பார்த்தேன். இருட்டில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவளை நான் கூப்பிட்டேனாம், அந்தக் குழிக்குள் பார்த்து. கடைக்காரர் என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் வரவில்லை. அவரும் பக்கத்தில் மண்டியிட்டுவிட்டார்.

"அம்மா."

பின்னாலிருந்து குரல் வந்தது. கடைக்குப் பின்பக்கச் சந்து வழியாக, தண்ணீர் தேங்கிய திடலைப் பார்த்துவிட்டு, தலை முதல் கால் வரை நனைந்து அவள் வந்து நின்றாள். குடையை மடக்கிக் கையில் வைத்திருந்தாள். நாங்கள் இருவரும் மண்டியிட்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பூட்டிலிருந்து மெதுவாக எடுத்தாள்.

"பூட்டித்தான்மா இருக்கு. வேன்ல இருந்து இறங்கினதும் நான் இழுத்துப் பாத்துட்டேன். தினமும் பாப்பேன். எந்திரிங்க."